மயிரிழையில் ஓடும் வண்டி

ஒரு சின்னக் கேள்வியோட ஆரம்பிக்கலாம். வீட்டுல கார் இருக்கிறவங்களுக்கும் கேள்வி இதுதான், நண்பன் கார்ல ஓசியில ஈ.சி.ஆர். போறவங்களுக்கும் இதுதான். காரையும் ரோட்டையும் சேர்த்து வச்சிருக்கிறது எது? "டயர்"னு சொல்வீங்க. சரி, டயரையும் காரையும் சேர்த்து வச்சிருக்கிறது?

நாலு நட்டு. ஒரு சக்கரத்துக்கு நாலே நாலு. கொஞ்சம் பெரிய வண்டின்னா அஞ்சு. நூறு கிலோமீட்டர் வேகத்துல அஞ்சு பேரை ஏத்திக்கிட்டுப் போற ஒரு டன் இரும்பு, சின்னக் கம்பிகள்ல மாட்டின இந்த நட்டுகளை நம்பித்தான் ஓடுது.

அந்த நட்டை எவ்வளவு டைட் பண்ணணும்னு நம்ம ஊர்ல யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: "நல்லா டைட்டா பண்ணுப்பா." எனக்குப் பிரச்சினையே அந்த "நல்லா"தான். எது நல்லா? எவ்வளவு நல்லா? இதை நான் யோசிக்க ஆரம்பிச்சது எங்க சித்தியால.

சித்தி மந்தைவெளியில இருக்காங்க. தானே கார் ஓட்டிக்கிட்டு வேலைக்குப் போறவங்க. ஸ்டெப்னி மாத்த யாரையும் கூப்பிட மாட்டாங்க, அவங்களுக்கே தெரியும். (ஸ்டெப்னிங்கிற பேரே ஒரு தெருவோட பேர். வேல்ஸ் நாட்டு லானெல்லி ஊர்ல, ஸ்டெப்னி தெருவுல 1904 வாக்கில் உபரிச் சக்கரம் செஞ்சு வித்தாங்க. அந்த ஊர்க்காரங்களே மறந்துட்ட சொல்லை நம்ம மெக்கானிக்குகள் இன்னும் காப்பாத்திட்டு இருக்காங்க.)

ஒரு நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல கிரீன்வேஸ் ரோட்டுல சித்தி வண்டி பஞ்சர். ஹேண்ட் பிரேக் போட்டு, கியர்ல நிறுத்தி, பின் சக்கரத்துக்குக் கல் வச்சு, எல்லாம் முறையா பண்ணியிருக்காங்க. ஆனா நட்டு அசையல. ஸ்பேனர் மேல ஏறி நின்னிருக்காங்க. அப்பவும் அசையல. அப்புறம்தான் எனக்கு போன் வந்துச்சு.

"டேய், பைக் எடுத்துட்டு வா. நட்டு வெல்டிங் பண்ண மாதிரி இருக்கு."

லஸ்ல இருந்து போனேன். என் எடை எழுபது கிலோ. நானும் ஏறி நின்னேன். ஒண்ணும் நடக்கல. கடைசியில அந்த வழியா வந்த ஒரு ஆட்டோ அண்ணன் வண்டியை ஓரங்கட்டி, சீட்டுக்கு அடியில இருந்து மூணடி பைப் ஒண்ணை எடுத்து ஸ்பேனர் பிடியில சொருகி ஒரு அமுக்கு அமுக்கினார். "கிர்ர்ர்"னு ஒரு சத்தம், முதல் நட்டு வழிக்கு வந்துச்சு.

"கன்ல அடிச்சு விட்டிருக்காங்கம்மா. இதெல்லாம் வெறும் கையால கழட்ட முடியாது"ன்னு சொல்லிட்டு, காசு கூட வாங்காம கிளம்பிட்டார்.

சித்தி கார்ல ஏறும்போது சொன்னது இது: "இங்க ஆள் நடமாட்டம் இருக்கு, நீ வந்துட்ட. இதே நான் தனியா, மழையில, திண்டிவனம் ரோட்டுல மாட்டியிருந்தா?"

நானும் நீங்களும் மெக்கானிக்கல் படிக்கிறோமோ இல்லையோ, பதினொண்ணாம் வகுப்புல திருப்பு விசை படிச்சிருக்கோம். கணக்கு போட்டுப் பார்ப்போம். காரோட குடுக்கிற வீல் ஸ்பேனர் பிடி தோராயமா 25 சென்டிமீட்டர். 70 கிலோ ஆள் அதோட நுனியில நின்னா கிடைக்கிறது ஏறக்குறைய 170 நியூட்டன் மீட்டர். அதுக்கும் நட்டு அசையலன்னா, அதைவிட அதிகமா முறுக்கியிருக்காங்கன்னு அர்த்தம். துருப்பிடிச்சதுன்னு சொல்ல வழியில்ல. போன வாரம்தான் டயரை முன்னும் பின்னும் மாத்திப் போட்டிருந்தாங்க. சின்ன கார்களோட கையேட்டைப் புரட்டினா வீல் நட்டுக்கு 85-லிருந்து 130 நியூட்டன் மீட்டருக்குள்ளதான் பெரும்பாலும் ஏதோ ஒரு எண் இருக்கும். 100னு வச்சுக்கலாம். அதே 25 சென்டிமீட்டர் ஸ்பேனர்ல இது நுனியில 40 கிலோ அளவு அழுத்தம். அதாவது சித்தி உடம்பு எடையால தாராளமா கழட்டக் கூடிய அளவு. கார் கம்பெனிக்காரன் முட்டாள் இல்ல. டிக்கியில அவன் வச்ச ஸ்பேனரும் கையேட்டுல அவன் போட்ட எண்ணும் ஒண்ணுக்கு ஒண்ணு பொருந்தித்தான் இருக்கு. நடுவுல வந்த கன்தான் அந்தப் பொருத்தத்தைக் கெடுத்துச்சு.

அடுத்த சனிக்கிழமை சித்திகூட அந்தக் கடைக்குப் போனேன். அடையாறு பக்கம், எந்தக் கடைன்னு இங்க வேண்டாம். சண்டை போடப் போகல. ஏன் இவ்வளவு டைட்னு கேட்கத்தான் போனோம். கடை அண்ணன் சிரிச்சார்.

"தம்பி, காலேஜா? சரி, நீயே சொல்லு. நான் லூசா விட்டு, நாளைக்கு வீல் கழண்டா யாரைப் பிடிப்பாங்க? என்னைத்தான். டைட்டா விட்டா இதுவரைக்கும் எவனாவது வந்து கேட்டிருக்கானா? இத்தனை வருஷத்துல உங்க சித்திதான் முதல் ஆளு."

எனக்குப் பதில் வரல. ஏன்னா அவர் சொன்னது உண்மை. நட்டு லூசா இருந்தா பழி கடைக்குத் திரும்பி வரும். டைட்டா இருந்தா கஷ்டம் வேற எங்கேயோ, வேற யாருக்கோ, பல மாசம் கழிச்சு, இருட்டுல வரும். அது அந்தக் கடைக்குத் திரும்பி வராது. அதனால ஊர்ல இருக்கிற எல்லாக் கடையும், யாரும் கெட்டவங்களா இல்லாமலே, டைட் பக்கமே சாய்ஞ்சிடுது.

ஆனா டைட்டா இருந்தா குறைஞ்சபட்சம் பாதுகாப்புதானேன்னு நீங்க நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைச்சேன். செமஸ்டருக்காகப் படிச்ச போல்ட் பாடத்தை, மார்க்குக்காக இல்லாம இந்த நட்டுக்காகத் திரும்பப் படிச்சப்பதான் விஷயம் புரிஞ்சுது.

முதல்ல ஒரு தப்பான படத்தை மனசுல இருந்து அழிச்சிடணும். சுவத்து ஆணியில சட்டை தொங்குற மாதிரி சக்கரம் அந்த நாலு கம்பியில தொங்கல. நட்டை முறுக்கும்போது அந்தக் கம்பி, அதாவது ஸ்டட், இழுபடுது. இழுபட்ட கம்பி ஸ்பிரிங் மாதிரி சுருங்கப் பார்க்குது. அந்த இழுப்புதான் சக்கரத்தை ஹப்போட சேர்த்து அமுக்குது. அமுக்கினா உராய்வு வருது. உண்மையில வண்டி எடையைத் தாங்குறது அந்த உராய்வுதான்.

எவ்வளவு அமுக்குதுன்னு பார்க்க பி.எஸ்.ஜி. டேட்டா புக் பாணியில ஒரு எளிய வாய்ப்பாடு போதும்: திருப்பு விசை = உராய்வு எண் × போல்ட் விட்டம் × இழுவிசை. எண்ணெய் படாத மரைக்கு உராய்வு எண்ணை 0.2ன்னு எடுப்பாங்க. 12 மில்லிமீட்டர் ஸ்டட், 100 நியூட்டன் மீட்டர். போட்டுப் பாருங்க. ஒரு ஸ்டட்டுல ஏறக்குறைய 42,000 நியூட்டன், அதாவது நாலு டன்னுக்கு மேல. நாலு ஸ்டட்டும் சேர்ந்தா பதினேழு டன். ஒரு டன் கார்ல ஒரு சக்கரத்து மேல வர்ற எடை கால் டன்தான். பதினேழு டன் அழுத்தத்துல உராய்வு மட்டுமே இரண்டு டன்னுக்கு மேல பிடிச்சு நிக்கும். அதனால சரியா முறுக்கின சக்கரம் ஹப் மேல ஒரு துளி கூட நகராது.

இப்போ தலைப்புக்கு வர்றேன். அந்த நாலு டன் இழுப்புக்கு ஸ்டட் எவ்வளவு நீளும்? யங் குணகம் ஞாபகம் இருக்கா? இழுபடுற நீளம் 25 மில்லிமீட்டர்னு வச்சா, விடை 0.06 மில்லிமீட்டர். ஒரு தலைமுடியோட தடிமன். "மயிரிழையில் உயிர் தப்பினான்"னு பேப்பர்ல போடுவாங்களே, நாம தினமும் கார்ல போறதே அப்படித்தான். அந்த மயிரிழை நீட்சிதான் சக்கரத்தைப் பிடிச்சிருக்கு.

இதை ஒரு தடவை புரிஞ்சுக்கிட்டா மத்த விதி எல்லாம் தானா விளங்கும். மனப்பாடமே தேவையில்ல.

ஏன் ரொம்ப முறுக்கக் கூடாது? ஸ்பிரிங்கை ஓர் எல்லைக்கு மேல இழுத்தா என்ன ஆகும்? திரும்பச் சுருங்காது. ஸ்டட்டும் அப்படித்தான். போல்ட் தலையில 8.8, 10.9ன்னு எண் பார்த்திருப்பீங்க. 10.9ன்னா அறுபடுற தகைவு 1000 மெகாபாஸ்கல், அதுல 90 சதவீதத்துல நிரந்தரமா நீள ஆரம்பிச்சிடும். எல்லை தாண்டி நீண்ட ஸ்டட்டு வெளியே பார்க்க நல்லாத்தான் இருக்கும், ஆனா நம்பிக்கைக்கு உரியது இல்ல. மரை கெடும், நட்டோட கூம்பு வாய் அலாய் சக்கரத்துக் குழியை நசுக்கும். ஒரு நட்டு அதிகமா, ஒரு நட்டு குறைவா இருந்தா பிரேக் டிஸ்க் கோணி, பிரேக் போடும்போது ஸ்டியரிங் உதறும். ஆக, அளவுக்கு மீறின டைட்டும் ஒரு வகையில லூசுக்கான ஆரம்பம்தான்.

ஏன் லூசா விடக் கூடாது? இதுக்கு 1969ல ஒரு ஜெர்மன் பொறியாளர், கெர்ஹார்ட் யுங்கர், சோதனை பண்ணியே காட்டிட்டார். போல்ட்டை அதோட நீளவாக்குல ஆட்டுறதை விட, பக்கவாட்டுல ஆட்டினா வேகமா கழண்டுக்கும். பிடிப்பு குறைஞ்சு சக்கரம் ஹப் மேல லேசா வழுக்க ஆரம்பிச்சதும், ஒவ்வொரு வழுக்கலும் நட்டைக் கொஞ்சம் கொஞ்சமா திருப்பி விட்டுடும். சின்ன கார் சக்கரம் ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 550 தடவை சுத்துது. மயிலாப்பூர்ல இருந்து மாமல்லபுரம் போய் இறங்குறதுக்குள்ள இருபதாயிரம் சுத்துக்கு மேல. ஒவ்வொரு சுத்துலயும் ஸ்டட் ஒரு தடவை வளைஞ்சு நிமிர்ந்தா? ஒரு ஜெம் கிளிப்பை மடக்கி மடக்கி உடைச்சுப் பாருங்க, அதுதான் நடக்கும்.

ஏன் சுத்தமா இருக்கணும்? மொத்த நீட்சியே 0.06 மில்லிமீட்டர்தான். ஹப்புக்கும் சக்கரத்துக்கும் நடுவுல 0.03 மில்லிமீட்டர் துருத்தூளோ பெயிண்ட்டோ இருந்து, ஓட ஓட அது நசுங்கிப் போனா, பிடிப்புல பாதிக்குப் பக்கத்துல காணாமப் போயிடும். நட்டு ஒரு டிகிரி கூட திரும்பியிருக்காது, ஆனா லூசு! மெரினாவுல இருந்து பெசன்ட் நகர் வரைக்கும் உப்புக் காத்து அடிக்கிற ஊர் நம்முது. 2015 டிசம்பர்ல அடையாறு பொங்கினப்போ கோட்டூர்புரம், சைதாப்பேட்டைப் பக்கம் எத்தனை கார் தண்ணியில நின்னுச்சுன்னு வீட்டுல கேட்டா கதை கதையா சொல்வாங்க. இங்க ஹப் துருப்பிடிக்கிறதுல ஆச்சரியமே இல்ல. சக்கரத்தைக் கழட்டினதும் கம்பி பிரஷ்ல அந்த முகத்தைத் தேய்ச்சு விடுறதுக்கு ரெண்டு நிமிஷம் போதும்.

ஏன் மரைக்கு எண்ணெய் போடக் கூடாது? ஸ்பேனர்ல நாம குடுக்கிற முறுக்குல ஏறக்குறைய 90 சதவீதம் உராய்வுக்கே போயிடும். பத்து சதவீதம்தான் ஸ்டட்டை இழுக்குது. நூறு ரூபா சம்பளத்துல தொண்ணூறு ரூபா வாடகைக்குப் போற மாதிரி. எண்ணெய் போட்டா வாடகை குறையும், கையில மிச்சம் கூடும். உராய்வு எண் 0.2ல இருந்து 0.15க்கு இறங்கினாலே, அதே 100 நியூட்டன் மீட்டருக்கு இழுவிசை மூணுல ஒரு பங்கு அதிகமாயிடும். கையேட்டுல போடச் சொல்லாதவரை போட வேண்டாம்.

ஏன் மறுபடி செக் பண்ணணும்? புதுசா மாட்டின முகங்கள் ஓட்டத்துல ஒண்ணோட ஒண்ணு படியும். அதனாலதான் 50-லிருந்து 100 கிலோமீட்டர் ஓடினதும் ஒரு தடவை பார்க்கச் சொல்றாங்க. சென்னை ரோடு தெரியாதா உங்களுக்கு? லஸ், கச்சேரி ரோடு, பனகல் பார்க்னு மெட்ரோ வேலை நடக்கிற பக்கமெல்லாம் இரும்புத் தகடும் மேடும் பள்ளமும். அந்த 100 கிலோமீட்டர் இங்க சும்மா போறது இல்ல.

இவ்வளவும் அந்த அண்ணன்கிட்ட சொன்னேனான்னு கேட்டா, இல்ல. கால் பங்கு கூட சொல்லல. கடையில வண்டி வரிசையா நிக்குது, அவர்கிட்ட போய் யங் குணகம் பேசினா மரியாதையா இருக்காது. சித்திதான் நேரா விஷயத்துக்கு வந்தாங்க: "தம்பி, கன்ல பாதி வரைக்கும் அடி. கடைசி முறுக்கு கையால, இந்த டிக்கி ஸ்பேனர்லயே போட்டுக் குடு. நான் கழட்டிப் பார்த்துட்டுத்தான் காசு குடுப்பேன்."

அவர் ஒரு நிமிஷம் பார்த்துட்டு, "சரிக்கா"ன்னு சொல்லிட்டார். அப்புறம் உள்ளே போய் ஒரு டார்க் ரெஞ்ச் எடுத்துட்டு வந்தார்! தூசி படிஞ்சு கிடந்தது. "இருக்கு தம்பி. யாரும் கேட்கிறது இல்ல, அதான் உள்ளே இருக்கு"ன்னார்.

எனக்கு அதுதான் இன்னும் மனசுல நிக்குது. கருவி இருந்துச்சு, தெரிஞ்ச ஆளும் இருந்தார். கேட்க ஆள் இல்லாததுதான் குறை. மயிலாப்பூர்ல டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலையில சுந்தரம் ஃபாஸ்டனர்ஸ் தலைமை அலுவலகத்தைத் தாண்டித்தான் நம்மள்ல பல பேர் தினமும் பஸ்ல போறோம். 1966ல பாடியில போல்ட் செய்ய ஆரம்பிச்ச கம்பெனி. உலகத்தரத்துக்கு போல்ட் செய்யத் தெரிஞ்ச ஊர் இது. அதை முறுக்கும்போது மட்டும் எண்ணை விட்டுட்டு "நல்லா"ன்னு சொல்லிட்டு இருக்கோம்.

அதனால நீங்க பண்ண வேண்டியது இவ்வளவுதான்.

வண்டிக் கையேட்டைத் திறந்து, வீல் நட்டுக்கு எத்தனை நியூட்டன் மீட்டர்னு பார்த்து போன்ல குறிச்சு வைங்க. டயர் கடைக்குப் போனா "அண்ணா, டார்க் ரெஞ்ச் இருக்கா?"ன்னு கேளுங்க. இல்லன்னா "கடைசி முறுக்கு கையில போடுங்கண்ணா"ன்னு சொல்லுங்க. கோவமா கேட்டா வேலை நடக்காது. பக்கத்துல நின்னு கேட்டா நடக்கும்.

நீங்களே மாட்டினா, வண்டி தரையில இருக்கும்போதே நட்டை அரைச்சுத்து தளர்த்திட்டு அப்புறம் ஜாக்கி ஏத்துங்க. மாட்டும்போது நட்டோட கூம்புப் பக்கம் சக்கரத்தைப் பார்த்து இருக்கணும். முதல் சில சுத்து விரலால மட்டும், அப்போதான் மரை பிசகாது. அப்புறம் எதிரெதிரா, அஞ்சு நட்டுன்னா கோலத்துல நட்சத்திரம் போடுற வரிசையில, கொஞ்சம் கொஞ்சமா. ஒண்ணை முழுசா முடிச்சிட்டு அடுத்ததுக்குப் போனா சக்கரம் சாய்ஞ்சு உட்கார்ந்திடும். வண்டியை இறக்கிட்டுத்தான் கடைசி முறுக்கு. டார்க் ரெஞ்ச்னா முதல் "டிக்" கேட்டதும் கையை எடுத்திடுங்க. "இன்னொரு தடவை, சேஃப்டிக்கு"ன்னு அமுக்கினா அது சேஃப்டி இல்ல. டார்க் ரெஞ்ச் கழட்டுற கருவியும் இல்ல. டிக்கி ஸ்பேனர்தான்னா, பிடியோட நுனியில கையால அமுக்குங்க. பைப் வேண்டாம், ஏறிக் குதிக்க வேண்டாம்.

ஓட்டும்போது மெதுவான வேகத்துல "டக் டக்"னு சத்தம், புதுசா ஒரு உதறல், நட்டைச் சுத்தித் துரு கோடு கோடா வழிஞ்சிருக்கிறது, இதுல எது இருந்தாலும் ஓரங்கட்டுங்க. "வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கலாம்" வேண்டாம்.

கடைசியா ஒண்ணு. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் வண்டியைக் கழுவி, சந்தனம் குங்குமம் வச்சு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வச்சு ஏத்துறோம். இந்த வருஷம் பழம் வைக்கக் குனியும்போது, டிக்கி ஸ்பேனரையும் கையில எடுத்துக்கோங்க. வீட்டுல வண்டி ஓட்டுறவங்கள்லயே பலம் குறைஞ்சவங்க யாரோ, அவங்க கையில குடுத்து ஒரு நட்டை மட்டும் கழட்டி மாட்டச் சொல்லுங்க. அவங்களால முடிஞ்சா சந்தோஷம். முடியலன்னா அன்னைக்கே, வெளிச்சத்துல, வீட்டு வாசல்லயே தெரிஞ்சுடுச்சுன்னு சந்தோஷப்படுங்க.